எக்ஸ்ட்ரா கோல்கீப்பர் கண்ட கனவு

துலுக்கானத்துக்குத் தூக்கம் வர இடம், பொருள், ஏவல் எதுவும் தேவையில்லை. நின்றால் தூங்குவான், சாய்ந்தால் தூங்குவான், மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்பேர்ப்பட்டவனைக் கொண்டுபோய்க் கோல்கீப்பராகச் சேர்த்தார்கள் என்றால் அந்தக் கல்லூரி அணியின் லட்சணம் உங்களுக்கே புரிந்திருக்கும். அதிலும் முதல் கோல்கீப்பர் இல்லை, எக்ஸ்ட்ரா. முதல் ஆள் அப்துல் ரசாக். அவனுக்குக் கையோ காலோ முறிந்தால்தான் இவனுக்கு வாய்ப்பு. அவனோ மூன்று வருஷமாக ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்காத பிறவி.

கல்லூரி திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம். மேற்கு வட்டாரக் கல்லூரிகளின் கால்பந்து லீக் என்று ஒன்று, வருஷா வருஷம் மழை விட்டதும் தொடங்கி மார்கழிக் குளிரில் நடக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, பாடி என்று மொத்தம் எட்டுக் கல்லூரிகள். பேப்பரில் வராது, டிவியில் வராது, ஆடுகிறவனின் கூடப்பிறந்த அண்ணனே வந்து பார்க்க மாட்டான். ஆனால் ஆடுகிற பையன்களுக்கு அதுதான் உலகக் கோப்பை. போன வருஷம் நம் ஆட்கள் அதில் கடைசி. அதற்கு முந்தின வருஷமும் கடைசி. அந்த விஷயத்தில் மட்டும் தடம் மாறியதே இல்லை.

துலுக்கானத்துக்கு இது கல்லூரியில் கடைசி வருஷம். இத்தனை நாளும் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களின் செல்போனையும் செருப்பையும் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். கப் வேண்டாம், மெடல் வேண்டாம், ஒரே ஒரு மேட்சில் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அது என்ன பெரிய ஆசையா, சொல்லுங்கள்.

முதல் மேட்ச் அன்று விடியற்காலையில் ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. பனி அப்படி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து ரயில் வந்தது, ஏறினார்கள், துலுக்கானம் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். அண்ணனூர் தாண்டும்போது தூக்கிவாரிப் போட்டு எழுந்தான்.

"இன்னா மச்சான், பேயைப் பாத்தியா?" என்று கேட்டான் கேப்டன் செல்வகுமார்.

"கனவுடா. கிரவுண்டு பூரா தண்ணி. நம்ம பசங்கல்லாம் முட்டிக்கால் தண்ணில ஆடிகினு கீறோம். ஒரு வாத்து நீந்திகினே வந்து, ரெண்டு ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போச்சு."

"வாத்தா?"

"வாத்துதான்."

இறங்குகிற வரை எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். திரும்பி வரும்போது ஒருவனும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவனாக வந்து துலுக்கானத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டாவது மேட்சுக்குப் போகும்போதும் அவன் தூங்கினான். கண் விழித்தால் சுற்றி மொத்த டீமும் நிற்கிறது. கனவு ஒன்றும் வரவில்லை, மரக்கட்டையாகத் தூங்கியிருந்தான். ஆனால் அத்தனை முகம் ஆசையாகப் பார்க்கும்போது இல்லை என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? "அவனுங்க கோலாண்ட ஒரு எருமை படுத்துகினு இருந்துச்சு" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"தலை எந்தப் பக்கம்?" என்று படு சீரியஸாகக் கேட்டான் செல்வகுமார்.

"வடக்கால."

அன்றைக்கு டீம் முழுக்க முழுக்க வடக்குப் பக்கமாகவே பந்தைக் கொண்டுபோனது. அதையும் ஜெயித்துத் தொலைத்தார்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு யார் புத்தி சொல்வது?

இப்படித்தான் அது வழக்கமாகிப்போனது. மேட்ச் நாளில் துலுக்கானத்துக்கு ஜன்னலோர இடம். ஏறியதும் தூங்கிவிட வேண்டும். தானாக விழிக்கும் வரை யாரும் தொடக் கூடாது. சமோசா விற்கிறவர் கூவிக்கொண்டு வந்தால், "கத்தாதீங்க அண்ணாத்தே, எங்க ஆளு கனவு கண்டுகினு கீறான்" என்பார்கள். அவரும் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போவார். அம்பத்தூர் ஐ.டி. ஆபீசில் வேலை செய்கிற ஒரு அம்மா, இவன் விழிக்கும் வரை காத்திருந்து, "எம் பொண்ணுக்கு வேல கெடைக்குமான்னு பாத்துச் சொல்லேன் தம்பி" என்று கேட்டே விட்டார். உடற்கல்வி ஆசிரியர் ஜெயராமன் சார் இதையெல்லாம் நம்பாதவர். மூன்றாவது மேட்சுக்கு அவரே மெல்லப் பக்கத்தில் வந்து, "என்னப்பா, இன்னிக்கு நிலவரம் எப்படி?" என்றார்.

பொய் சொல்கிறோம் என்று துலுக்கானத்துக்கு முதலில் உறுத்தியது. போகப்போக அதுவும் போய்விட்டது. கண்ணை மூடினால் பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு மைதானம் விரிந்துவிடும். அங்கே புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். பையன்கள் காலே தரையில் படாமல் ஓடுவார்கள். தண்டவாளச் சத்தம் மெல்ல மெல்லக் கைதட்டலாக மாறும். தூங்கினானா, நினைத்துப் பார்த்தானா, அவனுக்கே பிடிபடாது. ஒரு விஷயம் மட்டும் மாறாது. அந்த மைதானத்திலும் கோலில் நிற்பது ரசாக்தான். தான் கட்டிவிடுகிற கதையில்கூடத் தன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

பூந்தமல்லி மேட்சில் அந்த வாய்ப்பு நிஜமாகவே வந்தது. வேகமாக வந்த பந்தைத் தடுக்கப்போய் ரசாக்கின் மோதிர விரல் பின்பக்கமாக வளைந்துவிட்டது. ஜெயராமன் சார் திரும்பி, "துலுக்கானம், ரெடியாகு" என்றார். துலுக்கானம் கிளவுஸை மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டான். அதற்குள் செல்வகுமார் ஓடி வந்தான்.

"சார், இவன் வேணாம் சார். இவன் உள்ள எறங்கிட்டா கனவு கலைஞ்சிரும் சார்."

சார் யோசித்தார். சிரித்திருக்க வேண்டிய மனிதர், யோசித்தார். ரசாக் இரண்டு விரல்களைச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு, "நானே நிக்கிறேன் சார்" என்றான். துலுக்கானம் கிளவுஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். அன்றைக்கு ரசாக் பேய் பிடித்தவன் மாதிரி பிடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வகுமார் துலுக்கானத்தைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் ஒன்னாலதான் மச்சான்" என்றான். பின் சீட்டில் ரசாக் விரலில் ஐஸ் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மேட்சுக்குத் துலுக்கானம் உள்ளது உள்ளபடி, "ஒண்ணும் வரலடா" என்று சொல்லிப் பார்த்தான். தோற்றார்கள். அந்த வாரம் முழுக்க ஒருத்தன்கூட அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவன் உண்மை சொல்வானா?

கடைசி மேட்ச் பாடிக் கல்லூரியோடு. ஜெயித்தால் கப் இவர்களுக்கு, டிரா ஆனாலும் அவர்களுக்கு. நடக்க வேண்டிய நாளில் மழை கொட்டி மைதானம் குளமாகிவிட, தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் போகியன்று காலை வைத்தார்கள். போகிப் புகையில் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தேதி குறித்தவர்களுக்குத் தெரியவில்லை.

துலுக்கானத்தின் அம்மா சாமுண்டீஸ்வரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்ப்பாள். முந்தின நாள் சாயங்காலம், வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு கம்பெனி லீவு நைனா. ஊட்டக் கழுவி வுட்டுட்டு அடுத்த வண்டில வந்துர்றேன். நீ பால் புடிக்கறத ஒரு தபாவாச்சும் பாக்கணும்."

மகன் கோல்கீப்பர் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தான் ஆடுவதாக அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. ஆடுவதில்லை என்று உண்மையைச் சொன்னதுமில்லை. பெஞ்சில் செருப்பு பார்த்துக்கொள்வதைத்தான் அம்மா வந்து பார்க்கப் போகிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு உயிரே போனது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கனவு சொல்வதுதானே அவன் வேலை? நாளைக்குக் கனவில் தன்னையே கோலில் நிறுத்திவிட்டால் போகிறது.

போகியன்று விடிந்ததே தெரியவில்லை. பழைய பாய், கிழிந்த முறம், டயர் எல்லாம் தெருத்தெருவாக எரிந்துகொண்டிருந்தன. வாண்டுகள் போகி மேளத்தைத் தட்டுகிற சத்தம் எங்கிருந்தோ வந்தது. ரயில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊதிக்கொண்டு, தடவித் தடவி வந்தது. பெட்டிக்குள்ளும் புகை. துலுக்கானம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூங்குகிற மாதிரி கண்ணை மூடி நடித்தான். நடித்தவன் நிஜமாகவே தூங்கிப்போனான். அவன் ராசி அப்படி.

வாத்துக்கு அப்புறம் முதல்முறையாக உண்மையிலேயே கனவு வந்தது. அவன்தான் கோலில் நிற்கிறான். எங்கும் புகை, ஒரு சத்தமில்லை. புகைக்குள்ளிருந்து பந்து அவசரமே படாமல் மிதந்து வருகிறது. கையை நீட்டுகிறான். கை இருந்த இடத்தில் கை இல்லாதது போல, பந்து அதன் வழியாகப் போய்விடுகிறது. திரும்பிப் பார்த்தால் வலைக்குள் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்க்கிறாள்.

விழித்தபோது அண்ணனூர். சுற்றி அத்தனை முகங்கள்.

"இன்னா மச்சான் கண்டே?" என்று கேட்டான் செல்வகுமார்.

சொல்லியிருக்கலாம். தோற்றோம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை வழக்கம்போல ஒரு எருமையைப் படுக்க வைத்திருக்கலாம். துலுக்கானம் ரசாக்கைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் கோல்ல நிக்கிறேன். ஜெயிக்கிறோம்."

ரசாக்குக்கும் இது கடைசி வருஷம், அவனுக்கும் இது கடைசி மேட்ச். செல்வகுமார் அவன் பக்கம் திரும்பினான், சார் வேறு பக்கம் பார்த்தார். ரசாக் பையைத் திறந்து தன் கிளவுஸை எடுத்தான். "கனவுலியே வந்துருச்சுன்னா அப்பால இன்னா, நீயே நில்லு" என்று துலுக்கானத்தின் மடியில் போட்டான். அதை மாட்டும்போது உள்ளே முந்தின நாள் பயிற்சியின் வேர்வை இன்னும் ஈரமாக இருந்தது.

பாடி மேம்பாலத்துக்கு அந்தண்டை, பழைய ஃபேக்டரிகளுக்குப் பின்னால் மைதானம். நடுக்கோட்டுக்கு அப்பால் உலகமே இல்லை. ரெஃப்ரி முதலில் ஆடவே விட மாட்டேன் என்றார், அப்புறம் இனிமேல் தேதி இல்லை என்று விசிலை ஊதினார். துலுக்கானம் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றான். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம். பந்து எப்போதாவது புகையிலிருந்து வந்தது, தடுப்பாட்டக்காரர்கள் உதைத்து அனுப்பினார்கள், திரும்பப் புகைக்குள் போனது. இவன் கையில் அது ஒருமுறைகூடப் படவில்லை. பாதி நேரம் முடிந்தபோது இரண்டு பக்கமும் பூஜ்யம்.

அதற்குமேல் துலுக்கானத்தால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்காமல் நேராக ரசாக்கிடம் போனான்.

"நீ போடா. நான் ஜெயிக்கறதா கனவு வரல. என் கை வழியா பால் போயிட்டா மாதிரிதான் வந்துச்சு. எங்கம்மா பாக்க வர்றாங்க, அதான் பொய் சொன்னேன்."

ரசாக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப எருமை?"

"பொய்."

"வாத்து?"

"வாத்து நெசம்."

ரசாக்குக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "பூந்தமல்லில இந்த வெரல வச்சிகினு நான் எத்தினி பால் புடிச்சேன்னு எவனுக்குனா தெரியுமா? கனவு, கனவு, எல்லாம் துலுக்கானம் கனவு. செல்வா எங்கூட்டாண்ட வந்து எங்கம்மா கைல சொல்றான், ஒங்க புள்ளைக்கு வேலையே இல்லம்மா, எல்லாம் மொதல்லியே கனவுல முடிஞ்சிருதுன்னு. அவங்களும் சிரிக்கறாங்க. எனக்கு எப்டி இருந்துருக்கும்?"

துலுக்கானம் கிளவுஸைக் கழற்றி அவனிடம் நீட்டினான்.

"காலைல வெறுத்துப்போய்தான் குடுத்தேன். நீயே கனவு காணு, நீயே புடின்னு." ரசாக் கிளவுஸை வாங்கவில்லை. "போ. ஒங்கம்மா வராங்கன்றே. நான் கோலுக்குப் பின்னால நிக்கிறேன்."

இரண்டாவது பாதியில் புகை இன்னும் கெட்டியானது. ஒரு சமயம் தூரத்தில் ஓவென்று கூச்சல் கேட்டது. கோல் யாருக்கு என்று துலுக்கானத்துக்குத் தெரியவில்லை. அப்புறம் செல்வகுமாரின் குரல் கேட்டது, நமக்குத்தான். அதற்குப் பின் பாடிக்காரர்கள் மொத்தமாக இந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள். காலடிச் சத்தம் வரும், ஆள் வர மாட்டான். ஆள் வருவான், பந்து இருக்காது.

முடிய ஓரிரு நிமிஷம் இருக்கும்போது அந்தப் பந்து வந்தது. காலையில் பார்த்த அதே பந்து. சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. புகையிலிருந்து அது அவசரமே படாமல் மிதந்து வந்தது. துலுக்கானம் தன் கையைப் பார்த்தான். நீட்டினால் இதன் வழியாகப் போய்விடும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் அவன் கையை நம்பவில்லை, உடம்பைத் தூக்கி அதன் முன்னால் எறிந்தான். பந்து முகத்தில் அறைந்தது. கீழே விழுந்ததை மார்போடு கட்டிக்கொண்டு புரண்டான். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, வாயில் மண், டயர் நாற்றம். உயிர் போகிற மாதிரி வலித்தது. அந்த வலியில்தான் இது கனவு இல்லை என்று அவனுக்கு உறைத்தது. பிடித்துவிட்டான். விசில் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்து அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். "கனவு பலிச்சிருச்சுடா" என்று கத்தினார்கள். "அப்படியே பலிச்சிருச்சு மாமே, காலைல சொன்னான் பாரு, அப்படியே."

"டேய், நான் புடிச்சேன்டா" என்றான் துலுக்கானம்.

"நீதான்டா. அண்ணனூர்லியே புடிச்சிட்டியே" என்றான் செல்வகுமார்.

"கனவெல்லாம் இல்லடா. பால் மூஞ்சில அடிச்சுது, நான் புடிச்சேன்."

யாரும் காதில் வாங்கவில்லை. ஜெயராமன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "உன் கனவுக்குத் தனியா ஒரு கப் குடுக்கணும்பா" என்றார். அத்தனை பேர் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது ஒருவனுக்கு இப்படி வயிறு எரியும் என்று துலுக்கானம் கனவிலும் நினைத்ததில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு பந்தைப் பிடித்திருக்கிறான், அதையும் கனவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரசாக் இதை சீசன் முழுக்க அனுபவித்திருக்கிறான். திமிறிக்கொண்டு கீழே குதித்தான்.

புகையிலிருந்து சாமுண்டீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "கண்ணு எரியுது, ஒண்ணியும் தெரில நைனா. கனவு கனவுன்னு கத்தறானுங்க. நீ ஆடனியா, இல்லியா?"

துலுக்கானம் வாயைத் திறந்தான். அதற்குள் கோலுக்குப் பின்னாலிருந்து ரசாக்தான் பேசிக்கொண்டே வந்தான்.

"ஆடனாம்மா. கடைசி பால மூஞ்சிலியே வாங்கிப் புடிச்சான். நான் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன், பாத்தேன்."

துலுக்கானம் அவன் கையைப் பிடித்து இழுத்து, டேப் சுற்றிய விரலை அம்மாவிடம் நீட்டினான். "நான் ஒண்ணுதாம்மா புடிச்சேன். மத்த எல்லாத்தியும் இவன் புடிச்சான், இந்த வெரல வச்சிகினு. என் கனவுல ஒரு மயிரும் இல்ல. எல்லாம் நான் வுட்ட கத" என்று கத்தினான்.

ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். செல்வகுமார் ரசாக்கின் கையைப் பார்த்தான். சீசன் முழுக்கக் கூட இருந்தும், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

சாமுண்டீஸ்வரிக்குக் கனவு, லீக், கப் எதுவும் புரியவில்லை. வளைந்து வீங்கிக் கிடந்த அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வைத்து மெல்லத் தடவினாள். "வலிக்குதா நைனா?" என்றாள்.

இத்தனை நாளில் அதை ரசாக்கிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் தலையை ஆட்டினான். ஆட்டும்போதே அழுதுவிட்டான்.